கொல்லிமலையில் ஒரு சிசிலி

அத்தியாயம் 6

இத்தாலி தேசத்துக்குக் கால்நடையாகவே போகலாம் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நான் இந்த வேலையில் சேர்ந்தே இருக்க மாட்டேன். காரவள்ளி அடிவாரத்தில் விடியும்போது ஏற ஆரம்பித்தோம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, சிசிலி வந்தபாடில்லை. என் முழங்கால்கள் இரண்டும் தனிக்குடித்தனம் போகத் தயாராகிவிட்டன.

"ஏனுங்கண்ணா, சிசிலிக்கு இன்னும் எத்தனை தூரமுங்க?"

"பேசாம ஏறு, ராசப்பா. பேசற மூச்சுல பத்தடி ஏறலாம்."

இப்படிக் கருணையோடு பதில் சொன்னவர் அர்த்தனாரி அண்ணன். சேலத்தில் 'துப்பறியும் நிபுணர்' என்று போர்டு மாட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஆசாமி. நான் அவருடைய உதவியாளன். தொழிலை நாங்கள் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். யோசிப்பது அவர், பை தூக்குவது நான்.

எங்களுக்கு முன்னால் தலையில் ஒரு மூட்டையோடு, செருப்பில்லாத காலோடு, சமதரையில் நடப்பவள்போல அத்தாயி போய்க்கொண்டிருந்தாள். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அவள் ஆலத்தூர் நாட்டுப் பெண். அவளுடைய புருஷன் சென்றாயன் சேலம் ஜெயிலில் இருந்தான். திங்கட்கிழமை விசாரணை ஆரம்பம். ஜட்ஜ் துரை கொலைக் கேஸ்களில் கயிற்றுக்குப் பஞ்சம் வைக்காதவர். அன்றைக்கு வியாழக்கிழமை.

கேஸ் இதுதான். போன மாசி மாதம் சேந்தமங்கலத்தில் மிளகு வியாபாரி சாமியப்பனை அவருடைய கிடங்கிலேயே யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் ஒரு கொடுவாள் கிடந்தது. அது மலைக்காரர்கள் வைத்திருக்கும் தினுசு. அதற்கு முந்தைய வாரம்தான் சந்தையில் எடை குறைகிறது என்று சென்றாயன் சாமியப்பனோடு நாலு பேர் பார்க்கச் சண்டை போட்டிருந்தான். இன்ஸ்பெக்டர் இரண்டையும் கூட்டினார், சென்றாயனை உள்ளே போட்டார். அதற்கு மேல் யோசிக்க அவருக்குச் சர்க்கார் சம்பளம் தருவதில்லை. "எங்க கொடுவா கூரை எறவாணத்துலயே சொருவியிருக்குதுங்க, வந்து பாருங்க" என்று அத்தாயி அழுததற்கு, "ஒரு வீட்டில் ரெண்டு கொடுவாள் இருக்கக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

சாமியப்பன் செத்ததில் லாபம் அடைந்தவர் ஒரே ஒருவர், அவருடைய கூட்டாளி சுப்பண்ணன். கூட்டு வியாபாரம் ஒரே ராத்திரியில் தனி வியாபாரமாகிவிட்டது. ஆனால் அந்த மனிதர்மேல் யாரும் விரல் நீட்ட முடியாது. ஏனென்றால் மார்கழி மாதமே அவர் சேலம் ஜங்ஷனில் ஆளுயர மாலையோடு ரயிலேறி, பம்பாயில் கப்பல் பிடித்து, இத்தாலிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தது சித்திரையில், தலையில் ஒரு தொப்பியோடு. அன்றிலிருந்து அவர் பெயர் இத்தாலி சுப்பண்ணன். நிஜமாகப் போனாரா என்று கப்பல் கம்பெனிக்கு எழுதிக் கேட்டுப் பதில் வருவதற்குள் சென்றாயனுக்கு முதல் திவசமே வந்துவிடும்.

இந்த லட்சணத்தில்தான் போன ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் வாசகசாலையில் அவருடைய சொற்பொழிவுக்கு அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு போனார். தலைப்பு 'மத்தியதரைக் கடல் ஓரத்தில் நான்'. நேபிள்ஸ் துறைமுகத்தைப் பற்றி ஐந்து நிமிஷம், ரோமாபுரியின் இடிந்த மண்டபங்களைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். எட்டாம் வகுப்புப் பையன்கூட அதைவிட நன்றாகப் பேசுவான். பம்பாய்க் கடையில் வாங்கக்கூடிய படங்கள் சிலவற்றைச் சுற்றுக்கு விட்டார். சிசிலித் தீவுக்கு வந்ததும் பாருங்கள், மனிதர் உருகிவிட்டார். அந்தக் காலைப் பனி, அது விலகும்போது ஒவ்வொரு மலையாகத் தெரிகிற அழகு, பள்ளத்தில் விழுகிற அருவியின் சத்தம், அந்த ஜனங்களின் நல்ல மனசு! கண்ணால் பார்த்தவன் பேச்சு அது. எனக்கே டிக்கெட் வாங்க ஆசை வந்துவிட்டது.

கடைசியில் அண்ணன் எழுந்து பவ்யமாக ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்க, அந்த ஊர்ல ஆலிவ் காய் பிரசித்தமுன்னு சொல்றாங்களே, அதை எப்படிங்க பறிக்கறாங்க?"

"நல்ல கேள்வி!" என்றார் சுப்பண்ணன். "பெரிய பெரிய மரத்து மேல கொடியா ஏறியிருக்குமுங்க. ஒத்தை மூங்கிலைச் சாத்தி, கணுவுல கால் வெச்சு ஏறிப் பறிப்பாங்க. பறிச்சதைக் குமிச்சுப் போட்டுக் காலாலயே மிதிச்சாங்கன்னா காய் தனியா, காம்பு தனியா வந்துரும். அப்புறம் பாயில கொட்டி வெயில்ல காய வெப்பாங்க."

சபை கைதட்டியது. தலைமை வகித்த வக்கீல், "அறிவுக்கு விருந்து" என்றார். நாமக்கல் தாலுகாவில் ஆலிவ் காயை நேரில் பார்த்தவன் ஒருவனும் இல்லை என்பது சுப்பண்ணன் செய்த புண்ணியம்.

அண்ணன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பது அவர் செய்த பாவம். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒலிவ மரம், ஒலிவ மரமுன்னு பாதிரியார் என்ற காதைத் திருகித் திருகிச் சொல்லிக் குடுத்தாரு, ராசப்பா. அது மரம். இவன் கொடிங்கறான். காலால மிதிச்சுக் காம்பைப் பிரிக்கறது எதைடா?"

"மிளகைங்க."

"மிளகு பறிக்கறது எப்ப?"

"தை, மாசியிலங்க." என் வாய் தானாகவே திறந்துகொண்டது. "அட, இந்த மனுஷன் இத்தாலியில இருந்த மாசமுங்க அது! ஆனா மிளகு வியாபாரி, முன்னாடி எப்பவாச்சும் பாத்திருக்கலாமில்லைங்களா?"

அதற்கு மறுநாள் எங்களைப் பார்க்க வந்த அத்தாயிதான் பதில் சொன்னாள். "அவரு மலைமேல ஏறுனதே கெடையாதுங்க. மூச்சு வாங்குமுன்னு சந்தையோட நின்னுக்குவாரு. நாங்கதான் மூட்டையக் கொண்டாந்து எறக்கோணும்."

அப்புறம் அண்ணன் சொற்பொழிவு முழுவதையும் அவளுக்குத் திருப்பிச் சொன்னார். பனிக்கும் அருவிக்கும் அவள் சும்மா தலையாட்டினாள். மலையில் அது எங்கே இல்லை? 'சிசிலியில் ஒரு கிராமத்தில் எப்பேர்ப்பட்ட பிரபுவும் ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்' என்று சுப்பண்ணன் சொன்னதைச் சொன்னபோது அவள் நிமிர்ந்தாள்.

"எங்க ஆலத்தூர் நாட்டுல அந்த வழக்கமில்லீங்க. குண்டனி நாட்டுல ஒரு ஊரு இருக்குது, அங்கதான் அப்படி. வழிப்போக்கரு ஆரு வந்தாலும் அந்த ஊருல ஊர்க்கவுண்டரு ஊட்டுலதான் சோறு."

ஆகவே, நாங்கள் சிசிலிக்கு ஏறிக்கொண்டிருந்தோம்.

ஊர் எல்லை என்பது ஒரு நட்ட கல். அதன் அடியில் நாலைந்து ஜோடி செருப்புகள் கிடந்தன. புது பூட்ஸைக் கழற்றியபோது என் கால்கள் அடைந்த ஆனந்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் பலாப்பழம் மணந்தது. கவுண்டர் சின்னுசாமி காட்டுக்குப் போயிருந்தார். அவருடைய பெண்சாதி பாப்பாயி, ஐம்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான மனுஷி, நாங்கள் யார் எவர் என்றே கேட்கவில்லை.

"வாங்க சாமி, உக்காருங்க. மொதல்ல கையக் கழுவுங்க. பேச்செல்லாம் பொறகு."

ஆவி பறக்கும் ராகிக் களி, நடுவில் குழி பறித்து மொச்சைக்கொட்டைக் குழம்பு, தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சேலத்தில் எனக்குச் சோறு போடும் ஓட்டல்காரனை அன்றைக்கே மனசால் விவாகரத்து செய்துவிட்டேன்.

அண்ணன் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "அம்மா, தை மாசம் கீழ்நாட்டு ஆளு ஒருத்தர் இங்க வந்து தங்கினாருங்களா?"

பாப்பாயியின் அகப்பை அந்தரத்தில் நின்றது. "என்ற ஊட்டுல சோறு தின்னவங்களப் பத்தி நாங்க வெளிய சொல்றதில்லீங்க. எங்க ஊரு வழக்கம்."

"அப்ப ஒருத்தர் தின்னிருக்காரு."

"நான் அப்படிச் சொல்லலீங்க."

"தின்னலைன்னும் சொல்லலீங்களே."

"இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். துப்பறியும் நிபுணரைச் சமாளிக்க இதைவிட நல்ல வழி நான் கண்டதில்லை. ஊற்றச் சொன்னேன்.

அத்தாயியால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, என்ற ஊட்டுக்காரரு ஜெயில்ல இருக்காருக்கா. திங்கக்கெழம கோர்ட்டு. தூக்குல போட்டுருவாங்கங்கறாங்க. அவரு ஒரு கோழிய அறுக்கவே நாலு நாளு யோசிப்பாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமக்கா." மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

பாப்பாயி அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினாள். "அழுவாத கண்ணு. இந்த ஊட்டுல கை நனச்சவன் எவனா இருந்தாலும் நாங்க காட்டிக் குடுக்கறதில்ல. ஒருக்கா குடுத்துட்டன்னா நாளைக்கு எவன் நம்பி இங்க உக்காருவான்? அந்தச் சாமி என்ற கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டுது. நான் என்னத்தப் பண்ணட்டும்?"

அவ்வளவுதான், கதை முடிந்தது. சென்றாயனின் உயிர் ஒரு நல்ல மனுஷியின் நல்ல குணத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. கெட்டவர்களாக இருந்தால் மிரட்டலாம், ஆசை காட்டலாம். இவளை என்ன செய்வது? அண்ணன் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தார்.

"சரிங்கம்மா. உங்க பெருந்தன்மை உங்களுக்கு. அந்தாளுக்குத்தான் அது இல்லாமப் போச்சு. போன ஞாயித்துக்கெழமை நாமக்கல்ல நூறு பேருக்கு முன்னாடி, 'ஒரு மலைக்காட்டுல களின்னு ஒண்ணைப் போட்டாங்க. சேறு மாதிரி இருந்துச்சு. நாய்கூட மோந்து பாக்காது'ன்னு சொல்லிச் சிரிக்கறான்."

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் வெறுங்காலை அழுத்தமாக மிதித்தார். மூடிக்கொண்டேன்.

பாப்பாயி எழுந்தாள். அந்த வீடே அவளோடு எழுந்த மாதிரி இருந்தது. "என்ற களியவா? சேறுன்னா சொன்னான்?"

"நாய்கூடன்னும் சொன்னானுங்க."

"அட நாசமாப் போறவனே! காச்சல்ல கண்ணு தொறக்காமக் கெடந்தப்போ கரச்சுக் கரச்சு வாயில ஊத்துனனே! நல்லானதும் உருண்டை உருண்டையா முழுங்கிப்போட்டு, 'ஆத்தா, இன்னொண்ணு'ன்னு கையேந்துனானே! தின்ன சோத்தப் பழிச்சதுக்கப்பறம் அவன் விருந்தாளி இல்லீங்க. எங்க வழக்கத்துல அவனுக்கு மறைப்புக் கெடையாது. கேளுங்க, என்ன வேணுமோ கேளுங்க!"

நாங்கள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தை மாதம் தாடியும் காவி வேட்டியுமாக ஒருவன் வந்தான். பழனி யாத்திரைக்காரனாம். சொத்துக்காகப் பங்காளிகள் கொல்லத் தேடுகிறார்கள், நான் இங்கே இருப்பதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அழுதான். இரண்டு மாதத்துக்கு மேல் தங்கினான். மிளகு பறிப்பதை உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

"மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள், மூலிகை வெட்டிக்கிட்டு வாரேன்னு எங்க ஊட்டுக் கொடுவாள வாங்கிக்கிட்டுப் போனானுங்க. போனவன் ரெண்டு நாளு கழிச்சுத்தான் வந்தான். கொடுவாள எங்கயோ தொலைச்சுப்போட்டேன்னான். எங்க ஊட்டுக்காரரு அன்னிக்கெல்லாம் திட்டிக்கிட்டே இருந்தாரு. புடி உட்டுப்போச்சுன்னு அவரே செம்புக் கம்பி சுத்தி வெச்சிருந்தாருங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சாமியப்பன் பக்கத்தில் கிடந்த கொடுவாளை இன்ஸ்பெக்டர் எங்களுக்கு ஒருமுறை காட்டியிருந்தார். அதன் பிடியில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. அது மலைக்காரர்களின் அலங்காரம் என்று அவர் விளக்கம் வேறு சொன்னார்.

"சேலத்துக்கு வந்து இதை ஜட்ஜுகிட்டச் சொல்லுவீங்களா அம்மா?"

"சேலமெல்லாம் பொறகு. மொதல்ல அவன் மூஞ்சியக் காட்டுங்க. நான் ஒண்ணு கேக்கோணும்."

நல்ல வேளையாக இத்தாலி சுப்பண்ணன் அதற்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். சனிக்கிழமை மாலை அதே வாசகசாலையில் இரண்டாவது சொற்பொழிவு. தலைப்பு 'சிசிலித் தீவின் உணவும் உபசாரமும்'.

கூட்டம் வாசல்வரை நிரம்பியிருந்தது. முன்வரிசையில் இன்ஸ்பெக்டர். இத்தாலிமேல் அவருக்கு ஆசை ஒன்றும் கிடையாது. சொற்பொழிவுக்கு நடுவில் பஜ்ஜியும் காபியும் தருவார்கள். பாப்பாயியையும் அத்தாயியையும் பின்னால் உட்காரவைத்தோம். சுப்பண்ணன் தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சிசிலிக்கு எங்களையெல்லாம் கூட்டிப்போனார். முடிந்ததும் அண்ணன் எழுந்து, "இந்த அம்மாவுக்கு ஒரு சந்தேகமாம்" என்றார்.

பாப்பாயி நேராக மேடைக்கு முன்னால் போய் நின்றாள். "ஏனுங்க சாமி, காச்சல் முழுசா உட்டுருச்சுங்களா?"

சுப்பண்ணன் முகத்தில் ஒரு கணம் ரத்தமே இல்லை. ஆனால் ஆள் கெட்டிக்காரர். "ஆரும்மா நீ? ஆள் மாறி வந்துட்டயாட்ட இருக்குது."

"என்னயத் தெரியலீங்களா? மாசக்கணக்கா என்ற ஊட்டுல—"

"பாவம், புத்தி சுவாதீனமில்லை போலிருக்கு" என்றார் அன்றைக்கும் தலைமை வகித்த அதே வக்கீல். சபை சிரித்தது. இன்ஸ்பெக்டர் இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார். அத்தாயி என் சட்டைக் கையைப் பிடித்து முறுக்கினாள். ஒரு மலைக்காரியின் வார்த்தைக்கு எதிராக ஒரு தொப்பிக்காரரின் வார்த்தை! திங்கட்கிழமை கோர்ட்டிலும் இதே சிரிப்புத்தானே சிரிப்பார்கள்?

பாப்பாயி நகரவில்லை. "தெரியாதுன்னே இருக்கட்டும் சாமி. ஒண்ணே ஒண்ணு கேட்டுப்போட்டுப் போயர்றேன். என்ற களி சேறு மாதிரி இருந்துச்சு, நாய்கூட மோந்து பாக்காதுன்னு இதே எடத்துல சொல்லிச் சிரிச்சீங்களாமா?" அவள் குரல் உடைந்துவிட்டது. "காச்சல்ல நாக்கு வறண்டு கெடந்தீங்களே, மடியில தலைய வெச்சு ஊத்துனேனே, அப்பவும் அது சேறாத்தான் இருந்துச்சுங்களா?"

"எவன் சொன்னான்?" சுப்பண்ணன் மேஜையில் ஓங்கி அடித்தார். "சத்தியமா இல்லை ஆத்தா! உங்க கையால தின்ன களியப் போயி நான் அப்படிச் சொல்லுவனா? என்னப் பெத்தவகூட அப்படி—"

அங்கேதான் அவருக்கு உறைத்தது. வாய் திறந்தபடியே நின்றது. இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த பஜ்ஜி பாதி வழியில் நின்றுவிட்டது.

வக்கீலுக்கு மட்டும் விஷயம் இன்னும் போய்ச் சேரவில்லை. நியாயம் பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுந்தார். "நானே சாட்சி. சென்ற வாரம் இவர் சொன்னது முற்றிலும் வேறு. 'சிசிலியில் ஒரு தாய் எனக்குப் போட்ட சோற்றைப்போல் நான் ஆயுளில் உண்டதில்லை' என்று கண்ணீர் விட்டார். நான்தான் முதலில் கைதட்டினேன்."

அவர் சொன்னது உண்மை. நானும் அன்றைக்குக் கைதட்டினேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இன்ஸ்பெக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டார். பாப்பாயி கொடுவாளையும் செம்புக் கம்பியையும் சொன்னாள். "கம்பியா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார், பிறகு சுப்பண்ணனின் தோளில் கை வைத்தார். சுப்பண்ணன் தொப்பியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் நடந்தார். அத்தாயி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அதில் எனக்கு வெட்கமில்லை.

பாப்பாயி அழவில்லை. அண்ணனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அவன் அப்படிச் சொல்லவே இல்லியாமா?"

அண்ணன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பார்த்தார். "இல்லீங்க."

"அப்ப நீங்க கட்டுன கதையா?"

"ஆமாங்கம்மா. வேற வழி எனக்குத் தெரியலீங்க."

அவள் அத்தாயியைத் திரும்பிப் பார்த்தாள். "இவ புருசன் ஊடு வந்து சேரட்டும். அதுல எனக்குச் சந்தோசந்தானுங்க. நான் கண்ணால பாத்ததச் சொல்லச் சேலத்துக்கும் வாரேன். ஆனா என்ற ஊட்டுச் சோத்தத் தின்னுபோட்டு அந்தச் சோத்து மேலயே என்னய நம்ப வெச்சுப் பொய் சொன்னீங்க பாருங்க, இனி அந்த எல்லைக்கல்லத் தாண்டி வராதீங்க. உங்களுக்கு அங்க ஒரு வாய் தண்ணி கெடையாது."

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"எனக்குமாங்க ஆத்தா?"

"மூணு தடவ வாங்கித் தின்னுபோட்டு, உண்மை தெரிஞ்சும் வாயத் தொறக்காம உக்காந்திருந்தது ஆருங்க சாமி?"